ஆண்டுக்கு ஒன்பதரை லட்சம் சதுர அடி: சான் பிரான்சிஸ்கோ அலுவலக உச்சவரம்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

1986 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் ஓர் எண்ணைச் சட்டமாக்கினார்கள். நகரம் முழுவதிலும் ஓராண்டில் 9,50,000 சதுர அடிக்கு மேல் புதிய அலுவலக இடத்துக்கு அனுமதி கிடையாது. 'முன்மொழிவு எம்' என்று பெயர் பெற்ற இந்த விதி, சில திருத்தங்களோடு இன்னும் அந்நகரத் திட்டச் சட்டத்தில் இருக்கிறது. அலுவலகக் கட்டடங்கள் குடியிருப்புப் பகுதிகளை விழுங்கிவிடாமல் தடுப்பது எப்படி என்ற பேச்சு எழும் நகரங்களில் எல்லாம் இதை உதாரணம் காட்டுகிறார்கள்.

உதாரணம் காட்டுபவர்கள் பெரும்பாலும் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். நாற்பதாண்டுப் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தால் தெரிவது வேறு. குடியிருப்புகளின் விளிம்பைக் காத்த வேலையில் பெரும்பங்கு அந்த எண்ணுடையது அல்ல. தளவாரியான பயன்பாட்டு விதி, விடுதி அறைகளை மாற்றத் தடை, நிழல் விதி என்று யாரும் தலைப்புச் செய்தியாக்காத சின்னச் சின்ன விதிகள் அதைச் செய்தன. எண் தவறிய இடங்களில் மிகப் பெரியது ஒன்று: அலுவலகத்துக்கு வேலி போட்ட நகரம், அதே வேலியைப் புதிய வீடுகளுக்கும் போட்டுக்கொண்டது.

எண்ணுக்கு முந்தைய இருபது ஆண்டுகள்

சான் பிரான்சிஸ்கோ மூன்று பக்கம் நீர் சூழ்ந்த, சுமார் 47 சதுர மைல் நிலம். விரிந்து போக இடமில்லை. 1969இல் 779 அடி உயர பேங்க் ஆஃப் அமெரிக்கா கட்டடமும், 1972இல் 853 அடி டிரான்ஸ்அமெரிக்கா பிரமிடும் எழுந்தன. வளைகுடாவைக் கடந்து வரும் பார்ட் ரயில் 1974இல் ஓடத் தொடங்கியதும், புறநகரில் வீடு, நகர மையத்தில் வேலை என்ற ஏற்பாடு எளிதானது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் போல ஊர் வானளாவிகளால் நிரம்புவதைக் குறித்து அப்போது புழங்கிய வசைச்சொல் 'மன்ஹாட்டனாக்கம்'. கட்டட உயரத்தை 72 அடிக்குள் நிறுத்தக் கோரிய 1971 வாக்கெடுப்பு தோற்றது. 1979இல் ஒன்று, 1983இல் ஒன்று என்று பின்வந்தவையும் தோற்றன. கடைசியாகச் சொன்னது மயிரிழையில் போனது.

தோற்றவர்களின் கோபத்துக்குக் காரணம் வானளாவிகளின் அழகோ அழகின்மையோ மட்டுமல்ல. நிதி மாவட்டத்தின் ஓரத்தில், கியர்னி தெருவில், இன்டர்நேஷனல் ஹோட்டல் என்ற பழைய விடுதி இருந்தது. பெயர்தான் ஹோட்டல், உண்மையில் அது பிலிப்பினோ, சீன முதியவர்கள் மாத வாடகைக்கு வாழ்ந்த ஒற்றை அறைக் குடியிருப்பு. 1977 ஆகஸ்ட் 4 அதிகாலையில் நூற்றுக்கணக்கான காவலர்கள் வந்து, எஞ்சியிருந்த குடியிருப்பாளர்களை வெளியேற்றினார்கள். 1979இல் கட்டடம் இடிக்கப்பட்டது. அதன் பிறகு அந்த மனை பல்லாண்டுகள் வெறும் பள்ளமாகக் கிடந்தது. முதியோருக்கான 104 வீடுகள் அங்கே எழுந்து திறக்கப்பட்டது 2005இல். மணிலாடவுன் என்று அழைக்கப்பட்ட, சுற்றியிருந்த பிலிப்பினோக் குடியிருப்பு அதற்குள் கரைந்தே போய்விட்டது.

எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதியை எழுதுவோர் இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குடியிருப்பு காலியாவது புதிய கோபுரத்துக்கு அனுமதி கிடைத்த பிறகு அல்ல. 'இங்கே அலுவலகம் வரலாம்' என்று வரைபடத்தில் நிறம் பூசிய அன்றே நில மதிப்பு ஏறிவிடுகிறது. வாடகைக்கு விட்டுப் பராமரிப்பதைவிடக் காலி செய்துவிட்டுக் காத்திருப்பது லாபம் என்று உரிமையாளரின் கணக்கு மாறுவதும் அன்றே.

1978இல் நகரம் இரண்டு திசைகளில் இழுக்கப்பட்டது. அந்த ஆண்டு கலிஃபோர்னியா முழுவதும் வந்த முன்மொழிவு 13, சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் கட்டி, ஆண்டு உயர்வையும் இரண்டு சதவீதத்தில் நிறுத்தியது. வீடு வந்தால் பள்ளி, பூங்கா, நூலகம் என்று செலவு. அலுவலகம் வந்தால் வரவு. இந்தக் கணக்கை நகராட்சிகள் அதற்கு முன்பும் போட்டதுண்டு. 1978க்குப் பிறகு மறைக்காமல் போட்டன. அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ தன் குடியிருப்புப் பகுதிகளை மறுமண்டலப்படுத்தி, பெரும்பாலான தெருக்களில் உயரத்தை 40 அடிக்குள் அடைத்தது. ஆக, வருமானம் அலுவலகத்தின் பக்கம் இழுத்தது. வீடு கட்டும் இடம் சுருங்கியது. பின்னால் வந்த சிக்கல்களுக்கெல்லாம் விதை இங்கே விழுந்தது.

சட்டம் உண்மையில் சொல்வது

மேயர் டயான் ஃபைன்ஸ்டைன் காலத்தில், திட்ட இயக்குநர் டீன் மாக்ரிஸ் தலைமையில் உருவான நகர மையத் திட்டம் 1985இல் நிறைவேறியது. மூன்றாண்டுகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 9.5 லட்சம் சதுர அடி என்ற வரம்பை அதுவே முதலில் வைத்தது. நகர மைய அலுவலக மண்டலத்தில் தளப்பரப்பு விகிதம், அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவு, 14இலிருந்து 9க்கு இறங்கியது. அதற்கு மேல் கட்ட வேண்டுமானால், காக்க வேண்டிய பழைய கட்டடத்தின் பயன்படாத கட்டும் உரிமையை விலைக்கு வாங்கி வர வேண்டும். ஐம்பது சதுர அடி அலுவலகத்துக்கு ஒரு சதுர அடி பொதுத் திறந்தவெளி. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் கலைப்படைப்புக்கு.

1986 முன்மொழிவு அந்த வரம்பை நிரந்தரமாக்கியது. ஏற்கெனவே அனுமதி பெற்றுக் கட்டப்படாமல் கிடந்த கட்டடங்களின் தேக்கம் கழியும் வரை, ஆண்டு ஒதுக்கீட்டைப் பாதியாக, 4,75,000 சதுர அடியாகக் குறைத்தது. 25,000 சதுர அடிக்குக் குறைந்த திட்டங்கள் கணக்கில் வராது. 25,000 முதல் 49,999 வரையுள்ளவற்றுக்கு 75,000 சதுர அடி தனியே ஒதுக்கப்பட்டது. 50,000க்கும் மேற்பட்டவற்றுக்கு மீதி 8,75,000. ஒதுக்கீட்டு ஆண்டு அக்டோபர் 17இல் தொடங்குகிறது. பயன்படாத அளவு அடுத்த ஆண்டுக்குப் போகும். அனுமதி பெற்று 18 மாதத்துக்குள் வேலை தொடங்காதவரின் ஒதுக்கீட்டை ரத்து செய்து பொதுக் கணக்கில் திரும்பச் சேர்க்கலாம்.

கேட்பவர்கள் அதிகம், இருப்பு குறைவு என்றால் திட்ட ஆணையம் தரம் பார்த்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அலுவலக வளர்ச்சிக்கும் வீடு, போக்குவரத்து, பொதுச் சேவைகளுக்கும் இடையிலான சமநிலை, வடிவமைப்பின் தரம், இடத்தின் பொருத்தம், நகரவாசிகளுக்குக் கிடைக்கும் வேலை ஆகியவை அளவுகோல்கள். உள்ளூரில் இதை 'அழகுப் போட்டி' என்பார்கள். பெயரில் ஏளனம் இருந்தாலும், இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு நல்ல குணம் இருக்கிறது. மண்டல விதிப்படி கட்டினால் உரிமை உண்டு என்ற நிலையிலிருந்து, போட்டியிட்டு வெல்ல வேண்டும் என்ற நிலைக்குக் கட்டுநரை அது நகர்த்துகிறது. கூடுதல் பொது வசதி கேட்கும் பேரம் நகரத்தின் கைக்கு வருகிறது.

எண்ணோடு எட்டு 'முதன்மைக் கொள்கை'களும் வந்தன. அக்கம்பக்கக் கடைகளைக் காத்தல், இருக்கும் வீடுகளையும் தெருவின் தன்மையையும் காத்தல், குறைந்த வாடகை வீடுகளைப் பெருக்குதல், வேலைக்கு வரும் வாகனங்கள் பேருந்தையும் தெரு நிறுத்துமிடங்களையும் அடைக்காமல் பார்த்தல், தொழிற்கூடங்களை அலுவலகங்கள் துரத்தாமல் பார்த்தல், நிலநடுக்கத்துக்கு ஆயத்தம், பழங்கட்டடங்கள், பூங்காக்களின் வெயில். எந்த அனுமதி ஆணையிலும் இந்த எட்டுக்கும் தனித்தனியே முடிவு எழுத வேண்டும். வெறும் சடங்குதானே என்று தோன்றும். ஆனால் வழக்கு என்று வரும்போது நீதிமன்றம் முதலில் புரட்டுவது இந்தப் பக்கங்களைத்தான்.

எண் எப்படி நடந்துகொண்டது

வரம்பு வருடத்துக்கு. சந்தையோ அப்படி ஒழுங்காக மூச்சு விடுவதில்லை. 1990களின் தொடக்க மந்தத்தில் யாரும் கட்டவில்லை. ஒதுக்கீடு சேர்ந்துகொண்டே போனது. மூன்று ஆண்டு சும்மா இருந்தாலே பெரிய கட்டடங்களின் கணக்கில் 26,25,000 சதுர அடி இருப்பாகிவிடும். பிறகு 1990களின் கடைசியில் இணைய நிறுவனங்களின் அலை வந்தபோது அந்தச் சேமிப்பு முழுவதும் ஓரிரு ஆண்டில் கரைந்தது. அதாவது, தடை மிகவும் தேவைப்பட்ட முதல் ஆண்டுகளில் வரம்பு தடுக்கவே இல்லை. வாடகை உச்சத்தைத் தொட்டு, குடியிருப்பாளர்கள் வெளியேறத் தொடங்கிய பிறகே பிடித்தது. 2000இல் வரம்பைத் திருத்த இரண்டு போட்டி முன்மொழிவுகள் வாக்குக்கு வந்தன, இரண்டும் தோற்றன. அடுத்த ஆண்டே அலை வடிந்ததால் பிரச்சினை தானாக அடங்கியது. தீர்ந்தது என்று சொல்ல முடியாது.

சேமிப்பு அனுமதிக்கப்பட்டதால் ஒரே கட்டடம் ஓராண்டு வரம்பைத் தாண்டவும் முடிந்தது. 2012இல் ரயில்–பேருந்து முனையத்தை ஒட்டி அனுமதி பெற்ற, இன்று சேல்ஸ்ஃபோர்ஸ் டவர் எனப்படும் 61 மாடிக் கோபுரம் சுமார் 14 லட்சம் சதுர அடி. இதைக் குறை என்று சொல்வதற்கில்லை. ரயிலடியில் ஒரு பெரிய கோபுரம், தெருவுக்குத் தெரு பத்து நடுத்தரக் கட்டடங்களைவிடக் குடியிருப்புக்கு நல்லது. ஆனால் 'ஆண்டு வரம்பு' என்ற சொல் கேட்பவருக்குத் தரும் நம்பிக்கைக்கும் நடப்புக்கும் இடையே உள்ள தூரம் இதில் தெரிகிறது.

இன்னொரு கோளாறு அளவுகோலிலேயே இருக்கிறது. வரம்பு சதுர அடியை எண்ணுகிறது, ஆளை எண்ணுவதில்லை. ஒருவருக்கு 250 சதுர அடி என்று வைத்தால் 9.5 லட்சத்தில் 3,800 பேர். தடுப்புச் சுவர்களை எடுத்துவிட்டு ஒருவருக்கு 150 என்று நெருக்கினால் 6,300க்கும் மேல். பழைய கட்டடத்துக்குள் இப்படி நெருக்குவதற்கு ஒதுக்கீடு தேவையே இல்லை. வீட்டுத் தேவையும் பேருந்து நெரிசலும் தலைக்கணக்கில் ஏறும். சட்டமோ தரைக்கணக்கில் நிற்கும்.

மூன்றாவது, வரம்பு அனுமதி நாளைப் பிடிக்கிறது, குடியேறும் நாளை அல்ல. பெரிய கோபுரத்துக்கு இரண்டுக்கும் நடுவே நான்கைந்து ஆண்டு ஓடிவிடும். சூடான சந்தையில் அனுமதித்தது குளிர்ந்த சந்தையில் திறக்கும்.

நகர எல்லைக்குள் வேலி போட்டால் வெளியே என்ன ஆகும் என்பதும் பதிவில் இருக்கிறது. கிழக்குப் புறநகரான சான் ரமோனில் பிஷப் ராஞ்ச் என்ற 585 ஏக்கர் அலுவலகப் பூங்கா அதே 1980களில்தான் நிரம்பியது. நகர மையத்தின் உயர்ந்த வாடகையும் மலிவான புறநகர் நிலமும் எப்படியும் அந்த இழுப்பைத் தந்திருக்கும் என்பதால் எல்லாப் பழியையும் வரம்பின் மீது போட முடியாது. ஆனாலும் ரயிலில் வந்துபோகும் வேலையை நெடுஞ்சாலைக்குத் துரத்துவது எந்தக் குடியிருப்புக்கும் நன்மை இல்லை. பக்கத்து நகராட்சிகளோடு பேசாமல் ஒரு நகராட்சி தனியாக வரம்பு வைப்பதில் உள்ள பலவீனம் இது.

'அலுவலகம்' என்றால் என்ன?

எல்லா மண்டல விதிகளும் உடைகிற இடம் வரையறைப் பகுதி. 1990களின் கடைசியில் சவுத் ஆஃப் மார்க்கெட், மிஷன் பகுதிகளின் பழைய பட்டறைகளுக்குள் இணைய நிறுவனங்கள் நுழைந்தன. மேசை, நாற்காலி, கணினி, காலை ஒன்பது முதல் மாலை வரை வேலை. ஆனால் கோப்பில் பலவும் 'வணிகச் சேவை' என்று பதிவாயின. அச்சகம், நகலகம் போன்றவற்றுக்கு வைத்திருந்த தலைப்பு அது. அலுவலகம் அல்ல என்றானால் ஆண்டு வரம்பு இல்லை, அலுவலகத்துக்கான கட்டணங்களும் இல்லை. பட்டறைகள் வாடகை தாங்காமல் வெளியேறின.

அதே பகுதியில் இன்னொரு ஓட்டை 'வாழ்–தொழில் மாடம்'. ஓவியர்களும் சிற்பிகளும் தொழிற்கூடத்திலேயே தங்கிக்கொள்ள 1988இல் தந்த சலுகை அது. பத்தாண்டில் அதுவே விலையுயர்ந்த புதுக் கட்டடங்களாக மாறிவிட்டது. சட்டத்தின் கண்ணில் முழு வீடு அல்ல என்பதால் குறைந்த விலை வீட்டுப் பங்கு கேட்கப்படவில்லை. உள்ளே போனவர்களுக்கோ அது வீடேதான். பக்கத்துப் பட்டறையின் இரைச்சலைப் பற்றிப் புகார் எழுதவும் தொடங்கினார்கள். 2001இல் புதிய அனுமதிகள் நிறுத்தப்பட்டன. உற்பத்தி, விநியோகம், பழுதுபார்ப்பு என்ற மூன்றுக்கும் தனி மண்டலம் வரைந்த கிழக்குப் பகுதித் திட்டங்கள் நிறைவேற 2008 ஆயிற்று. அதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருந்தது.

அளவு வாசலும் அப்படித்தான். 50,000இல் கோடு கிழித்தால் வரைபடங்கள் 49,999இல் வந்து நிற்கும். சிறிய கட்டடங்களுக்கான தனி ஒதுக்கீடு சிறு நிறுவனங்களுக்கு உதவ வந்தது; நடைமுறையில் பெரிய வரிசையில் நிற்க விரும்பாதவரின் பக்கவாசலாகவும் ஆனது. தட்டையான கோட்டுக்குப் பதில் படிப்படியாக ஏறும் விகிதம் இருந்தால் இந்த ஆசை குறையும். அதோடு ஒரே மனையில் அல்லது ஒட்டிய மனைகளில் ஐந்தாண்டுக்குள் வரும் விண்ணப்பங்களைக் கூட்டிப் பார்க்கும் விதியும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கட்டடம் இரண்டு பெயரில் வரும்.

விளிம்பைக் காத்தவை

நிதி மாவட்டத்தை ஒட்டியிருந்தும் சைனாடவுன் ஏன் மணிலாடவுன் போலக் கரையவில்லை? அமைப்பாகத் திரண்ட மக்கள் ஒரு காரணம். விதிகள் இன்னொன்று. 1987இல் சைனாடவுனுக்குத் தனி மண்டலங்கள் வரைந்து உயரத்தைக் குறைத்தார்கள். உயரம் குறைந்ததும், இடித்துக் கோபுரம் கட்டினால் கிடைக்கும் லாபம் மறைந்தது. லாபம் மறைந்ததும் காலி செய்யக் காரணம் மறைந்தது. இன்டர்நேஷனல் ஹோட்டலில் நடந்ததற்கு நேர் எதிரான கணக்கு இது.

ஒற்றை அறை விடுதிகளுக்கு 1981இல் வந்த சட்டம், அவற்றைச் சுற்றுலா ஹோட்டலாகவோ வேறெதுவாகவோ மாற்ற வேண்டுமானால் அறைக்கு அறை ஈடு செய்யச் சொல்கிறது. அல்லது ஈடு கட்டும் செலவில் பங்கு தரச் சொல்கிறது. இதை அமல்படுத்துவது எளிதல்ல. எந்த அறை நிரந்தர வாசத்துக்கு, எது நாள் வாடகைக்கு என்று அறை எண் வாரியாகப் பதிவேடு வேண்டும். பதிவேடு தொடங்கும் நாளுக்கு முன்பே காலி செய்துவிடுவார்கள் என்பதால், சட்டம் வருமுன் இடைக்காலத் தடை போட்டு அன்றைய நிலையை எழுதி வைத்துவிட வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் 1979இல் தடை வந்தது, பிறகு சட்டம் வந்தது.

அக்கம்பக்கக் கடைத்தெரு மண்டலங்கள், 1987இல் வந்தவை, நம் பார்வையில் இந்த நகரம் எழுதிய மிகச் சிறந்த விதி. மனைக்கு ஒரு பயன்பாடு என்று சொல்லாமல் தளத்துக்குத் தளம் சொன்னார்கள். பட்டியலில் மூன்று பத்திகள்: முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றும் அதற்கு மேலும். அமெரிக்க வழக்கில் தரைத்தளமே முதல் தளம் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். வரிகளில் பயன்பாடுகள்: கடை, உணவகம், நிதிச் சேவை, மருத்துவம், தொழில்முறை அலுவலகம், குடியிருப்பை இடித்தல், குடியிருப்பை மாற்றுதல். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒன்று: அனுமதி உண்டு, சிறப்பு அனுமதி வேண்டும், கூடாது. பல தெருக்களில் பல் மருத்துவரோ கணக்காளரோ கீழே இரண்டு தளங்களில் இருக்கலாம்; மேலே உள்ள வீடுகளைத் தொட முடியாது. குடியிருப்புத் தெருவை அலுவலகம் அரிப்பது கோபுரம் கட்டி அல்ல. மாடி வீடு ஒன்று காலியானதும் அதைச் சத்தமில்லாமல் ஆலோசனை மையமாக்கித்தான். தளவாரிப் பட்டியல் அதை நேராகப் பிடிக்கிறது. எழுதுவதற்கு உழைப்பு அதிகம். தெருத்தெருவாக நடந்து, எந்தத் தளத்தில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். அந்த வேலையைத் தவிர்க்கத்தான் பல நகரங்கள் 'கலப்புப் பயன்பாட்டு மண்டலம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கின்றன.

1984 நிழல் விதியும் இந்த வரிசையில் சேரும். 40 அடிக்கு மேற்பட்ட கட்டடம், நகரப் பூங்காத் துறையின் பூங்காக்கள் மீது, சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் பின்னிருந்து மறைவுக்கு ஒரு மணி நேரம் முன்புவரை, குறிப்பிடத்தக்க புதிய நிழல் வீழ்த்தக் கூடாது. கணித்துச் சொல்லக்கூடிய அளவுகோல். அதன் மறுபக்கம், அதே விதி குறைந்த விலை வீட்டுக் கட்டடத்தையும் மாடி குறைக்கச் சொல்லும். நிழலுக்கு அலுவலகமும் ஒன்று, வீடும் ஒன்று.

வீட்டுக் கணக்கு

அலுவலகம் கட்டுபவர் வீட்டுக்கும் பங்கு தர வேண்டும் என்ற விதியில் சான் பிரான்சிஸ்கோ முன்னோடி. 1981இன் முதல் வழிகாட்டுதலில் கணக்கு எளிமையானது. ஒரு லட்சம் சதுர அடியை 250ஆல் வகுத்தால் 400 பேர். அதில் 40 சதவீதம் பேர் நகரத்துக்குள் வீடு தேடுவார்கள் என்றால் 160. ஒரு வீட்டில் வேலைக்குப் போகிறவர் 1.8 பேர் என்றால் 89 வீடு. ஒவ்வோர் எண்ணும் வாதத்துக்குரியது, ஆனால் சங்கிலி வெளிப்படையாக இருந்தது. எதை மறுக்கிறீர்கள் என்று கட்டுநரைக் கேட்க முடிந்தது.

1985 சட்டத்தில் அது ஆயிரம் சதுர அடிக்கு 0.386 வீடாக இறங்கியது. அதே ஒரு லட்சத்துக்கு இப்போது 39 வீடுகூட இல்லை. கட்ட விரும்பாதவர் சதுர அடிக்கு 5.34 டாலர் கட்டிவிட்டுப் போகலாம், அதாவது 5,34,000 டாலர். வகுத்துப் பாருங்கள்: வீட்டுக்குச் சுமார் 13,800 டாலர். அன்றும் அந்த விலையில் அங்கே வீடு கட்ட முடியாது. மானியத்தில் ஒரு பங்காகத்தான் அது நின்றது. நிலம், கடன், மற்ற மானியம் எல்லாம் வேறெங்கிருந்தாவது வர வேண்டும். கட்டுவதைவிடப் பணம் கட்டுவது இவ்வளவு மலிவு என்றால் எல்லோரும் பணத்தையே கட்டுவார்கள். 2019இல் நகரம் பெரிய கட்டடங்களுக்கான கட்டணத்தை 28.57இலிருந்து 69.60 டாலராக ஏற்றியது. ஒரு லட்சம் சதுர அடிக்கு 69.6 லட்சம் டாலர். தொகை கடைசியில் உண்மைக்கு அருகே வந்தது. வந்த நேரம்தான் கோளாறு.

தொகையைவிட மோசமானது காலதாமதம். அலுவலகம் திறந்த மாதமே ஆட்கள் வாடகைக்கு வீடு தேடுவார்கள். கட்டுநர் செலுத்திய கட்டணத்தில் வீடு எழ, நிலம் வாங்கி, வடிவமைத்து, அக்கம்பக்க எதிர்ப்பைத் தாண்டி, பல ஆண்டுகள் போகும். அதற்குள் அந்தத் தெருவின் வாடகை ஏறி முடிந்திருக்கும். நகரம் நிலமாக வாங்கிக்கொள்வது பணமாக வாங்குவதைவிட ஒரு படி மேல். கட்டிக் கொடு, பிறகு திற என்பது அதைவிட மேல்.

வாங்கிய பணத்தை எங்கே செலவிடுவது என்பது அடுத்த முட்டு. நகரத்தின் மேற்கில் பரந்து கிடந்த குடியிருப்பு மண்டலங்கள் 1978இன் 40 அடிக்குள் உறைந்திருந்தன. ஆகவே புதிய வீடுகளும் அதே கிழக்குப் பகுதிக்கே போய், அலுவலகத்தோடும் பட்டறையோடும் ஒரே மனைக்குப் போட்டியிட்டன. 1980இல் 6,78,974 ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் 8,73,965. கூடியவர்களில் கணிசமானோர் தங்கியது நகரத்தின் கிழக்குக் கால்பங்கில். 'தெருவின் தன்மையைக் காத்தல்' என்ற முதன்மைக் கொள்கை, அலுவலகத்துக்கு எதிராக எழுதப்பட்டு, வீட்டுக்கு எதிராக அதிக முறை மேற்கோள் காட்டப்பட்டது.

2020 மார்ச்

2020 மார்ச் 3 அன்று முன்மொழிவு இ நிறைவேறியது. பெரிய அலுவலகங்களின் ஆண்டு ஒதுக்கீட்டை, குறைந்த விலை வீடு எவ்வளவு வந்தது என்பதோடு அது கட்டிப்போட்டது. இலக்கு ஆண்டுக்கு 2,042 வீடு. மாநிலம் நகரத்துக்கு வைத்த இலக்கின்படி எட்டாண்டில் வர வேண்டிய 16,333 குறைந்த விலை வீடுகளை எட்டால் வகுத்த எண் அது. பாதி வீடு வந்தால் ஒதுக்கீடும் பாதி, அதாவது 4,37,500 சதுர அடி. இதை முன்னின்று நடத்தியது சவுத் ஆஃப் மார்க்கெட்டின் டாட்கோ என்ற வீட்டு வசதி அமைப்பு. 1970களில் அதே பகுதியின் மறுசீரமைப்பில் விடுதிகளை இழந்தவர்களின் போராட்டத்திலிருந்து பிறந்தது அது.

இணைப்பு என்ற யோசனையில் 1986இன் மிகப் பெரிய குறை நிரப்பப்பட்டது. ஆனால் தண்டனை ஒரே பக்கம். வீட்டை வரவிடாமல் தடுப்பது அண்டை வீட்டாரின் மேல்முறையீடும் 40 அடி வரம்பும் பணப் பற்றாக்குறையும். ஒதுக்கீட்டை இழப்பது அலுவலகம் கட்டுபவர். வீட்டை எதிர்ப்பவருக்கு இழப்பு ஏதுமில்லை. அலுவலகத்தையும் வீட்டையும் சேர்த்து எதிர்ப்பவருக்கோ ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இரண்டே வாரத்தில் பெருந்தொற்று முடக்கம் தொடங்கியது. வரம்பு என்ன, அலுவலகத்துக்கு ஆளே இல்லை. நகரத்தின் அலுவலகக் காலி விகிதம் 2023இல் 30 சதவீதத்தைத் தாண்டியது.

வேறு நகரம் இதை எழுத நினைத்தால்

முதலில் அளவெடுப்பு. விதி அறிவிக்கும் முன், விளிம்புத் தெருக்களின் ஒவ்வொரு தளத்திலும் இன்று என்ன இருக்கிறது என்ற பதிவு வேண்டும். அது இல்லாமல் 'ஏற்கெனவே அலுவலகம்தான்' என்ற வாதத்தை மறுக்க முடியாது. வரையறையைத் தொழிலின் பெயரால் எழுதாமல் இடத்தின் நடப்பால் எழுத வேண்டும்: பொதுமக்களுக்கு விற்பனை இல்லை, பொருள் உற்பத்தி இல்லை, பெரும்பகுதி மேசைகள் என்றால் அது அலுவலகம், பலகையில் என்ன எழுதியிருந்தாலும்.

ஆண்டு வரம்பு வைப்பதானால் சேமிப்புக்கு உச்சம் வைக்க வேண்டும். இரண்டாண்டு ஒதுக்கீட்டுக்கு மேல் சேரக் கூடாது என்பது போல. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள் வரம்பைத் தளர்த்தி, விளிம்பில் இறுக்கலாம். முழு நகரத்துக்கும் ஒரே எண் என்பது கணக்குக்கு வசதி, நிலத்துக்குப் பொருந்தாது. 18 மாத ரத்து விதியைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு செயல்படுத்தாமல் விட்டால், தூங்கும் அனுமதிகள் ஒதுக்கீட்டை அடைத்துக்கொள்ளும்; ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலை வெளியிட்டு ரத்து செய்வதை வழக்கமாக்க வேண்டும்.

விளிம்பில் உயரத்தைப் படியாக இறக்குவதும், மாடி வீடுகளை மாற்றத் தடையும், சரக்கு வண்டி வாசலைக் குடியிருப்புத் தெருவில் வைக்க விடாததும் ஒன்றாக வர வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் கசியும். அலுவலகத்தை எங்கே அனுமதிக்கவில்லையோ அங்கே எவ்வளவு வீடு அனுமதிக்கிறோம் என்பதை அதே ஆணையில் எழுதுவது அவசியம். சான் பிரான்சிஸ்கோ அதை எழுதாமல் விட்டது. 2023 முதல் 2031க்குள் 82,069 வீடுகளுக்கு இடம் காட்டு என்று மாநிலம் கேட்டபோது, மேற்குப் பகுதியின் 40 அடி வரம்பை அந்நகரம் கடைசியில் தொட வேண்டியதாயிற்று.

காலி மாடிகள்

2024 மார்ச்சில் வாக்காளர்கள் இன்னொரு முன்மொழிவை ஏற்றார்கள்: அலுவலகத்தை வீடாக மாற்றினால், மாற்றிய பின் நடக்கும் முதல் விற்பனைக்குச் சொத்து மாற்ற வரி விலக்கு, மொத்தம் 50 லட்சம் சதுர அடி வரை. எண்ணுக்கு இருக்கும் கவர்ச்சி நாற்பதாண்டு ஆகியும் குறையவில்லை.

மாற்றுவதோ விதியைவிடக் கட்டடத்தின் உடம்பைப் பொறுத்தது. படுக்கையறைக்குச் சன்னல் வேண்டும். 1980களின் கோபுரங்களில் சன்னலிலிருந்து, மின்தூக்கியும் படிக்கட்டும் இருக்கும் நடுக்கூடு வரை 40 அடிக்கு மேல் போகும். நடுவில் இருட்டு மிஞ்சும். சன்னல்கள் திறக்காது. கழிவறைக் குழாய்கள் எல்லாம் நடுக்கூட்டில். வீட்டுக்கு வீடு குழாய் இறக்கத் தளத்தை நூறு இடத்தில் துளைக்க வேண்டும். நிலநடுக்கப் பலப்படுத்தல் தனிச் செலவு. இவற்றை எல்லாம் பார்க்கும்போது ஓரளவு பொருந்தி வருபவை, நடுவில் வெளிச்ச முற்றம் விட்டு, குறுகிய தளங்களோடு, திறக்கும் சன்னல் வைத்து, இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டியவை. 1985 திட்டம் கட்டும் உரிமையை விற்க வைத்து இடிபடாமல் நிறுத்தியதும் பெரும்பாலும் அந்தக் கட்டடங்களைத்தான்.